திராட்சைக் கொடியும் பூஞ்சை நோய்களும்

வாழைப்பழத்தை உரித்துத் தின்கிறோம். பலாவை அறுத்துச் சுளை எடுக்கிறோம். திராட்சையையோ தோலோடு அப்படியே வாயில் போட்டுக்கொள்கிறோம். ஆகவே கொடியின்மேல் தெளிக்கும் மருந்து எதுவென்று அறிவது தோட்டக்காரருக்கு மட்டுமன்றி நமக்கும் தேவையாகிறது.

தமிழ்நாட்டில் பன்னீர்த் திராட்சைக்குப் பேர்போன இடம் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கு. 1832-ஆம் ஆண்டில் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் இக்கொடியைக் கொண்டுவந்தார் என்பர். 2023-இல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே கொடியைப் பந்தலில் ஏற்றுகிறார்கள். இலை அடர்ந்துவிட்டால் பந்தலில் நிழலும் ஈரமும் தங்கும். பூஞ்சைக்கு அதுவே விருந்து.

நோய்களுள் கொடியது அடிச்சாம்பல் நோய். இலையின் மேற்புறம் எண்ணெய் சிந்தியதுபோல் மஞ்சள் புள்ளிகள் தோன்றும்; திருப்பிப் பார்த்தால் வெள்ளைப் படலம். இதன் வித்துகள் இலைமேல் நிற்கும் நீரில் நீந்திச் சென்று இலைத்துளைகள் வழியே நுழைகின்றன. (இது அசல் பூஞ்சையன்று, பாசி இனத்துக்கு உறவு என்று தாவரவியலார் கூறுவர், பூஞ்சை என்றே நாம் சொல்லிப் பழகிவிட்டோம்.) ஐப்பசி, கார்த்திகை மழைதான் இதற்கு ஏற்ற காலம். நம் ஊரில் குடை பிடித்துக்கொண்டு தீபம் பார்க்கும் அதே நாட்கள்!

இதற்கு மருந்து கிடைத்த கதை சுவையானது. 1882-இல் பிரான்சில் போர்டோ நகருக்கு அருகே பேராசிரியர் மில்லார்டே நடந்து சென்றார். எங்கும் இலை உதிர்ந்திருக்க, சாலையோரக் கொடிகள் மட்டும் பசுமையாக நின்றன. பழம் பறிப்போரை விரட்டுவதற்காக மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து அவற்றின்மீது தெளித்திருந்தார்கள்! மில்லார்டே ஆராய்ந்து 1885-இல் வெளியிட்டதே போர்டோ கலவை.

ஒரு கிலோ மயில்துத்தத்தை 50 லிட்டர் நீரிலும், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பை 50 லிட்டர் நீரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பு நீரில் மெல்ல ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. கலந்தபின் சுத்தமான இரும்புக் கத்தியை முக்கிப் பார்க்க வேண்டும். செந்நிறப் படிவு ஏற்பட்டால் துத்தம் மிஞ்சியிருக்கிறது. இன்னும் சுண்ணாம்பு சேர்க்க வேண்டும். நாம் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்யும் இடப்பெயர்ச்சி வினை இதுதான்!

இயற்கை வேளாண்மையிலும் இக்கலவைக்கு இடமுண்டு. ஆனால் 'இயற்கை' என்றதும் தாராளமாகத் தெளிப்பது சரியன்று என்பது எங்கள் கருத்து. செம்பு மட்கிப்போகாது, ஆண்டுதோறும் மண்ணில் சேர்ந்து மண்புழுக்களை வருத்தும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2019 முதல், ஏழாண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோ செம்புக்குமேல் இடக்கூடாது என்பது விதி.

ஆதலால் முதல் மருந்து கவாத்துக் கத்தரிக்கோல்தான். நெருங்கிய தளிர்களைக் கிள்ளிக் காற்றும் வெயிலும் புகவிட்டால் இலை விரைவில் உலரும். உதிர்ந்த நோயிலைகளைப் பந்தலின் கீழ் விடாமல் பொறுக்கி எரித்துவிட வேண்டும். நீரை வேருக்கு மட்டும் பாய்ச்ச வேண்டும்.

சாம்பல் நோய்க்கு மழை வேண்டியதில்லை. வறண்ட நாளிலும் மாவு தூவியதுபோல் வரும். இதற்குக் கந்தகத்தூள் உண்டு. காலை வேளையில் தூவுவது நல்லது. நம் திருவண்ணாமலைச் சித்திரை வெயில் போன்ற வெப்பத்தில் தூவினால் இலை கருகிவிடும். டிரைக்கோடெர்மா விரிடி என்ற நல்ல பூஞ்சை, கெட்ட பூஞ்சைகளைச் சுற்றி வளைத்து உண்ணும். தொழுவுரத்தில் கலந்து வேரடியில் இடுகிறார்கள். அதைச் செம்புக் கலவையுடன் சேர்க்கக்கூடாது. நல்லதும் சேர்ந்தே சாகும்.