அடுப்பை அணைத்துவிட்டுத்தான் ஆட்டம்

கிரிக்கெட் பார்க்கிற வீட்டில் சமையல் கஷ்டமில்லை. ஓவருக்கு ஓவர் விளம்பரம் வரும். அந்த இடைவெளியில் ஓடிப்போய்க் குழம்பைக் கிளறிவிட்டு வந்துவிடலாம். கால்பந்து அப்படி விடாது. 45 நிமிடம் ஒரே ஓட்டம், 15 நிமிட இடைவேளை, மறுபடி 45. நம் ஊர் அணியான ‘சென்னையின் எஃப்.சி.’ ஆட்டங்கள் பெரும்பாலும் ராத்திரி 7:30 மணிக்குத் தொடங்கும். பிள்ளைகளுக்குப் பசியெடுக்கிற நேரமும் அதுதான்.

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மிதந்தது. இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) அரையிறுதியின் முதல் ஆட்டத்தை இங்கே நடத்த வழியில்லாமல் புனேவுக்கு மாற்றினார்கள். அங்கே கொல்கத்தாவை 3-0 என்று நம்மவர்கள் அடித்த ராத்திரி, பெரம்பூரில் எங்கள் வீட்டுத் தரையில் சேற்று வாடை இன்னும் போகவில்லை. டிசம்பர் 20 அன்று கோவா படோர்டா மைதானத்தில் இறுதி ஆட்டம். மாடி வீட்டார், கொழுந்தனார் குடும்பம் என்று ஹால் நிறைய ஆள். அத்தனை பேருக்கும் தோசை. 87ஆவது நிமிடத்தில் கோவா 2-1 என முன்னால் போக, ஹாலில் பேச்சு மூச்சில்லை. 90ஆவது நிமிடத்தில் பந்து கோவா கோல்கீப்பர் மேல் பட்டே வலைக்குள் போனது. அதற்கும் பிறகு, இஞ்சுரி டைமில் நம் மென்டோசா ஒன்று போட, 3-2. கோப்பை நமக்கு! இந்த மூன்று கோல்களும் விழுந்தபோது நான் தோசைக்கல் முன்னால் நின்றுகொண்டிருந்தேன். எனக்குக் கிடைத்தது சத்தம் மட்டும்தான்.

அன்றைக்கு ராத்திரியே வீட்டில் சொல்லிவிட்டேன்: நம் வீட்டில் சமைத்தவரும் உட்கார்ந்து ஆட்டம் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகு ஆட்டநாள் சமையலில் தோசை, பூரி, சப்பாத்தி கிடையாது. ஒவ்வொன்றாகச் சுட்டுச் சுடச்சுடப் போட வேண்டிய எதுவும் கிடையாது. காத்திருக்கத் தெரிந்த சாப்பாடுதான் வேண்டும். காத்திருந்தால் ருசி கூடுகிறதென்றால் இன்னும் நல்லது.

அதில் முதலிடம் புளியோதரைக்கு. புளிக்காய்ச்சலை முந்தின நாளே காய்ச்சி வைத்துவிடுவேன். சாயங்காலம் ஐந்தரைக்குச் சாதத்தை உதிரியாக வடித்து, அகலமான தாம்பாளத்தில் கொட்டி, நல்லெண்ணெய் விட்டு ஆறவைத்துக் கிளறினால் எட்டரைக்கெல்லாம் புளி உள்ளே இறங்கியிருக்கும். கூட வறுத்த வடகமோ அப்பளமோ போதும்.

தயிர்சாதத்துக்குத்தான் கொஞ்சம் பக்குவம் வேண்டும். ஆறு மணிக்குப் பிசைவது ஒன்பது மணிக்குப் புளிக்கக் கூடாது, இறுகவும் கூடாது. சாதத்தைக் குழைய வடித்து, சூடாக இருக்கும்போதே நன்றாக மசித்து, காய்ச்சிய பாலைத் தாராளமாக ஊற்றுங்கள். கைபொறுக்கும் சூட்டுக்கு ஆறிய பிறகு ஒரே ஒரு கரண்டி தயிர். அந்த நேரத்தில் பார்த்தால் ‘என்ன இது, கூழ் மாதிரி இருக்கிறதே’ என்று தோன்றும். இருக்கட்டும், இரண்டு மணி நேரத்தில் சாதமே பாலை இழுத்துக்கொள்ளும். தாளிப்பையும் மாதுளை முத்தையும் இடைவேளையில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆட்டத்தின் நடுவில் கொறிக்க எங்கள் வீட்டில் தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல். காய்ந்த பட்டாணியைக் காலையில் வேலைக்குக் கிளம்பும்போதே ஊறப்போட்டால் சாயங்காலம் குக்கரில் இரண்டு விசில் போதும். குழையக் கூடாது, ஆனால் விரலால் நசுக்கினால் நசுங்க வேண்டும். தண்ணீரை முழுக்க வடித்துவிட்டுத் தாளிப்பில் ஒரு புரட்டு. தேங்காய்ப் பல்லையும் மாங்காயையும் அடுப்பை அணைத்த பிறகுதான் போட வேண்டும். சூட்டில் போட்டால் மாங்காய் துவண்டு, கடிக்கும்போது வருகிற அந்த நறுக்கென்ற சத்தம் போய்விடும். சுண்டலுக்கே அழகு அந்தச் சத்தம்தான்.

2018 மார்ச் 17 அன்று பெங்களூரு ஸ்ரீகண்டீரவா மைதானத்தில் இறுதி ஆட்டம். அன்றும் புளியோதரைதான். ஒன்பதாவது நிமிடத்திலேயே பெங்களூருவின் சுனில் சேத்ரி கோல் போட்டுவிட்டார். ஆனால் இடைவேளைக்குள் நம் மைல்சன் இரண்டு கார்னர்களைத் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். இரண்டாவது, சரியாக இடைவேளைக்கு முந்தைய நிமிடம். இரண்டையும் கண்ணால் பார்த்தேன். பக்கத்தில் அத்தை, “ஏம்மா, யார் இந்தப் புள்ளை, தலையாலேயே அடிக்கிறானே!” என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அந்த ஆட்டமும் 3-2. இரண்டாவது கோப்பை.

அத்தை ஆட்டம் பார்க்க வந்ததே தனிக் கதை. ஒரே டிவி, ஏழரை மணிக்கு அவருக்கு சீரியல். ‘இன்றைக்கு ஒருநாள் விட்டுக்கொடுங்கள்’ என்று ஒவ்வொரு வாரமும் கேட்பது நியாயமில்லை. அவருடைய சீரியலை மறுநாள் மத்தியானம் போனில் போட்டுக் கொடுப்பது என் மகளின் பொறுப்பு என்று பேசி முடித்தோம். ஆனால் அவரை உட்கார வைத்தது அந்த ஒப்பந்தமில்லை, தனபால் கணேஷ். “நம்ம வியாசர்பாடி பையன் ஆடுறாங்க அத்தை” என்று ஒருநாள் சொன்னேன். பக்கத்து ஏரியா பிள்ளை என்றதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார். ஆட்டம் தெரியாதவருக்கு ஆஃப்சைடு விளக்காதீர்கள். யார் வீட்டுப் பிள்ளை, எந்த ஊர் என்று சொல்லுங்கள். ஆஃப்சைடு பிறகு தானாகப் புரியும்.

கோப்பை வாங்கிய கையோடு வந்த 2018-19 பருவத்தில் நம் அணிக்குக் கடைசி இடம். 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள். வாரா வாரம் தோற்கிற அணிக்காகச் சுண்டல் ஊறப்போடுவானேன் என்று வீட்டில் ஒரு குரல் எழுந்தது. ஊறப்போட்டேன். அணிக்கு நாம் தேவைப்படுவது அப்போதுதான் என்று உறுதியாக நம்புகிறேன். மகளுக்குத்தான் அந்த வருஷம் பெரிய வேதனை. தோற்ற ராத்திரி பசியோடு இருக்கிற குழந்தையிடம் எந்தச் சமாதானமும் எடுபடாது. அதனால் அவளுக்கு மட்டும் ஏழு மணிக்கே பொடி தடவிய இட்லி கொடுத்துவிடுவேன். இட்லி வெந்த சூட்டிலேயே நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவினால் ஆறினாலும் காயாது. வயிறு நிறைந்திருந்தால் அழுகை பாதிதான். அழவும் விடுங்கள். ‘வெறும் விளையாட்டுதானே’ என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஆட்டம் பார்க்கச் சென்னை நேரு ஸ்டேடியத்துக்கே போகிற நாளில் சமையல் வேறு மாதிரி. வீட்டுச் சாப்பாட்டை உள்ளே விடமாட்டார்கள் என்பதால் நாலரைக்கே எல்லாரும் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். சென்ட்ரலில் இறங்கி நடந்துபோகிற தூரம்தான். ஆட்டம் ஒன்பதரையை ஒட்டி முடியும். கூட்டத்தில் வெளியே வந்து ரயில் பிடித்து வீடு சேரப் பத்தரை ஆகிவிடும். அந்த நேரத்தில் யாரும் அடுப்பைப் பற்றவைக்க வேண்டாம். பாலில் பிசைந்த தயிர்சாதமும் மாவடுவும் ஃப்ரிட்ஜில் இருக்கட்டும். வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலையாகப் பாத்திரத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டுக் கைகால் கழுவப் போனால், திரும்புவதற்குள் சில்லிப்பு கொஞ்சம் குறைந்திருக்கும்.