துவக்கின் மேலுள்ள எழுத்து

பழம் போர்க்கருவியை மதிப்பிடுவோர் முதலிற் படிக்க வேண்டியது அதன் எழுத்தையே என்பது எமது துணிபு. கண்டியிலிருந்து 1765இல் ஒல்லாந்தர் கவர்ந்து சென்று, 2023இல் கொழும்பு நூதனசாலைக்கு மீண்ட சிறு பீரங்கியை நோக்குக. அது லெவ்கே திசாவையின் கொடை என்பதை அதிற் பொறித்த சிங்கள எழுத்தே உரைக்கின்றது.

துவக்குக்கும் இஃதே முறை. பிரித்தானியப் படை 1871இல் ஏற்ற மார்ட்டினி ஹென்றி றைபிளின் வலப்பக்கத்தில் முடியுருவும், விக்டோரியா அரசியைக் குறிக்கும் ‘வி. ஆர்.’ என்னும் எழுத்துக்களும், தொழிற்சாலைப் பெயரும், ஆண்டும் உள. கைபர் கணவாய்க் கொல்லர் இவற்றையும் பார்த்து வெட்டினர். ஆங்கிலம் அறியாமையால் ‘என்’ எழுத்தை இடம் வலமாகத் திருப்பி வெட்டியோரும் உளர். அரசி மறைந்தது 1901இல். அவர் முத்திரையின்கீழ் 1907 என்றிருப்பின் அது போலியே. ஏட்டுப்பிழை கண்டு பழகிய தமிழாசிரியர்க்கு இஃது அரிதன்று! போலியும் விலையற்றதன்று, கொல்லர் கைத்திறனுக்காக வாங்குவோர் உளர். அதற்கு அசலின் விலை கேட்பதே குற்றம்.

துருவைக் கண்டு அரத்தால் தேய்த்தல் ஆகாது; சான்றும் விலையும் ஒருங்கே போம். வெள்ளவத்தை வீடொன்றில், பாட்டனார் வைத்ததென்று யாம் காட்டப்பெற்ற துவக்கு, பளபளவென்று தேய்க்கப்பட்டிருந்தது. முடியிற் பாதியே எஞ்சிற்று, ஆண்டு இல்லை. அசலென்றோ போலியென்றோ கூற இயலாது திரும்பினோம்.