புது லேப்டாப் கேட்கும் முன், வைஃபை அட்டையைப் பாருங்க!

“லேப்டாப் ரொம்ப ஸ்லோப்பா, புதுசு வேணும்” என்று வீட்டில் கேட்பதற்கு முன் இந்தப் பாடத்தைப் படித்துவிடுங்கள். இணையம் மட்டும்தான் மெதுவாக இருக்கிறது, மற்ற வேலையெல்லாம் நன்றாக ஓடுகிறது என்றால், முழுக் கணினியை மாற்றத் தேவையிருக்காது. உள்ளே இருக்கும் சின்ன வைஃபை அட்டையை மாற்றினாலே போதுமானதாக இருக்கலாம்.

எண்களின் கதை

வைஃபைக்கு விதி வகுப்பது ஐஇஇஇ அமைப்பின் 802.11 தரநிலை. முதல் பதிப்பு 1997இல் வந்தது. பின்னால் ஒட்டிய எழுத்துகள் எல்லாரையும் குழப்பியதால், 2018இல் எளிய எண்கள் அறிவிக்கப்பட்டன. 802.11என் என்பது வைஃபை 4, ஏசி என்பது 5, ஏஎக்ஸ் என்பது 6, பிஇ என்பது 7.

மலிவான பழைய லேப்டாப் பலவற்றில் 2.4 ஜிகாஹெர்ட்ஸ் மட்டும் பிடிக்கும் வைஃபை 4 அட்டைதான் இருக்கும். அடுக்குமாடி வீடுகளில் அந்த அலைவரிசை தைப்பூசத்தன்று பத்துமலைப் படிக்கட்டு மாதிரி. எவ்வளவு வேகமாக ஏறத் தெரிந்தாலும் கூட்டத்தோடுதான் நகர முடியும். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அதில் மூன்றே: 1, 6, 11. வைஃபை 5 இயங்கும் 5 ஜிகாஹெர்ட்ஸில் சேனல்கள் அதிகம், நெரிசல் குறைவு. ஆனால் சுவர் தாண்டினால் அது சீக்கிரம் பலம் இழக்கும்.

முதலில் சோதனை

விண்டோஸ் செட்டிங்ஸில் வைஃபை பகுதிக்குப் போய், இணைந்திருக்கும் நெட்வொர்க்கின் பிராப்பர்ட்டீஸைத் திறங்க. புரோட்டோகால், பேண்ட், லிங்க் ஸ்பீட் மூன்றையும் எழுதி வைங்க. பிறகு மூன்று கேள்விகள்:

1. வீட்டு இணையத் திட்டத்தின் வேகம் என்ன?
2. ரவுட்டர் எந்தத் தலைமுறை?
3. லேப்டாப் அட்டை எந்தத் தலைமுறை?

இந்த மூன்றில் எது குறைவோ, அதுதான் உங்கள் வேகம். இரண்டு ஆன்டெனா உள்ள வைஃபை 5 அட்டை ஏட்டளவில் 867 எம்பிபிஎஸ் வரை போகும். நிஜத்தில் அதில் பாதி கிடைத்தாலும், 100 எம்பிபிஎஸ் திட்டத்துக்குத் தாராளம். அந்த வீட்டில் வைஃபை 7 வாங்குவது வெறும் பெருமைக்குத்தான்.

ஹாஸ்டல் கதை வேறு. ஒரே ரவுட்டரில் பலர் தொங்குவார்கள். வைஃபை 6 ஒரு சேனலைத் துண்டுகளாக்கி, ஒரே நேரத்தில் பல கருவிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும். ஆனால் ரவுட்டரும் வைஃபை 6ஆக இருந்தால்தான் அந்தப் பலன் கிடைக்கும்.

அட்டை மாற்றுவது

அண்ணனிடமிருந்து வந்த என் லேப்டாப்பில் வைஃபை 4 அட்டைக்குப் பதிலாக இன்டெல் ஏஎக்ஸ்210 போட்டேன். நூறு ரிங்கிட்டுக்குள் முடிந்தது. நீங்கள் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை:

• அட்டை எம்.2 வகையா, போர்டோடு ஒட்டப்பட்டதா என்று உங்கள் மாடலின் கையேட்டில் பாருங்க. ஒட்டியிருந்தால் யூஎஸ்பி அடாப்டர்தான் வழி.
• ஏஎக்ஸ்201 குறிப்பிட்ட இன்டெல் பிராசசர்களோடு மட்டுமே ஓடும். பெயரில் கடைசி இரண்டு எண்கள்தான் இடம் மாறியிருக்கும், ஏமாறாதீங்க.
• சில பழைய மாடல்களின் பயாஸ் வேறு அட்டையை ஏற்காது. உத்தரவாதம் இன்னும் இருந்தால், திறக்கும் முன் கடையில் கேளுங்க.
• புது அட்டையின் டிரைவரை முன்பே பென்டிரைவில் இறக்கி வைங்க. மாற்றிய பிறகு இறக்க இணையம் இருக்காது!
• லேப்டாப்பை அணைத்து, சார்ஜரையும் பேட்டரி இணைப்பையும் கழற்றுங்க. ஏதாவது உலோகத்தைத் தொட்டு, உடம்பின் நிலைமின்சாரத்தை இறக்குங்க. இரண்டு ஆன்டெனா கம்பிகளையும் நேராக மேலே தூக்கிக் கழற்றுங்க. இழுத்தால் அறுந்துவிடும்.

புது லேப்டாப்புக்கு ஆகும் ஆயிரக்கணக்கான ரிங்கிட் அப்பா அம்மாவின் எத்தனை நாள் ஓவர்டைம் என்று கணக்குப் போட்டுப் பாருங்க. இன்றிரவே அந்த மூன்று கேள்விக்கும் விடை எழுதுங்க. அதன் பிறகும் புதுசுதான் வேண்டுமென்றால், தயங்காமல் கேளுங்க. காரணத்தோடு கேட்பீர்கள்.