துருவேறிய சென்சாரும் பதறாத கையும்

மோட்டார் காருக்கு மூக்கு உண்டா என்று கேட்டால் நகைப்பீர்கள். ஆனால், உண்டு. எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாயில், கட்டைவிரல் பருமனுள்ள ஓர் உலோகத் துண்டு திருகப்பட்டிருக்கிறது. புகையில் எவ்வளவு ஆக்ஸிஜன் எஞ்சியுள்ளது என்பதை அது மோந்து பார்த்துச் சொல்கிறது. ஆக்ஸிஜன் சென்சார் என்பது அதன் பெயர். அது பழுதுபட்டால் கழற்றிவிட்டு வேறொன்று மாட்டவேண்டும். ஆனால் பல ஆண்டுகள் வெப்பத்தில் வெந்து துருவேறிக் கிடப்பது எளிதில் அசைந்து கொடுக்குமா? அதனைக் கழற்றும் முறையையும், அம்முறைக்குரிய காரணங்களையும் இக்கட்டுரையில் காண்போம். பழைய கார் ஒன்றைக் கூட்டாக வாங்கி வைத்திருக்கும் நண்பர்களுக்கு இது பயன்படக்கூடும்.

மூக்கின் வேலை

ஒரு கிலோ பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். இந்த அளவு சரியாக இருந்தால்தான், புகைக்குழாயிலுள்ள வினையூக்கிக் கலம் கார்பன் மோனாக்ஸைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்ஸைடுகள் ஆகிய மூன்றையும் ஒருங்கே குறைக்க முடியும். அளவு பிசகியதா என்பதை அறிவிப்பது சென்சாரின் வேலை.

அதனுள்ளே சிர்க்கோனியா என்னும் பீங்கான் பொருளாலான சிறு குப்பி இருக்கிறது. இருபுறமும் பிளாட்டினப் பூச்சு. வெளிப்புறத்தைப் புகை தழுவுகிறது. உட்புறத்தில் சாதாரணக் காற்று நிற்கிறது. வெப்பம் 300 டிகிரி செண்டிகிரேடைக் கடந்ததும் ஆக்ஸிஜன் அயனிகள் அப்பீங்கானை ஊடுருவி நகரத் தொடங்குகின்றன. இருபுறத்து ஆக்ஸிஜன் அழுத்தங்களின் வேறுபாட்டிற்கேற்ப மின்னழுத்தம் பிறக்கிறது. பெட்ரோல் மிகுந்தால் 0.9 வோல்ட்டை ஒட்டியும், காற்று மிகுந்தால் 0.1 வோல்ட்டை ஒட்டியும் நிற்கும். பௌதிக இரசாயன வகுப்பில் நாம் உருப்போட்ட நெர்ன்ஸ்ட் சமன்பாடுதான் இது! 1920-ஆம் ஆண்டுக்குரிய இரசாயன நோபெல் பரிசைப் பெற்ற வால்தர் நெர்ன்ஸ்ட் 1941-இல் மறைந்தார். அவருடைய சமன்பாடு 1976-இல், பாஷ் நிறுவனத்தின் சென்சார் வழியாக வால்வோ காரின் புகைக்குழாயில் குடியேறியது.

நம் நாட்டில் 1995-இல் டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை ஆகிய நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்கு வினையூக்கிக் கலம் கட்டாயமாயிற்று. அக்கலத்தையும் சென்சாரையும் ஒருங்கே கெடுக்கவல்ல ஈயம் கலந்த பெட்ரோல் 2000-இல் நாடெங்கும் நிறுத்தப்பட்டது. 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதிகள் நடப்பிலுள்ளன. இவ்விதிகள் ஏட்டளவில் நின்றுவிடாமல் காப்பவற்றுள் இச்சிறு சென்சாரும் ஒன்று. அது கெட்டபின்னும் கார் ஓடும். ஆனால் பெட்ரோல் வீணாகும், வினையூக்கிக் கலம் மிகைவெப்பத்தால் அழியும், நச்சுப்புகை பிறர் மூச்சில் கலக்கும். எச்சரிக்கை விளக்கின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ‘சரியாகிவிட்டது’ என்று சொல்லும் பட்டறைகளும் உண்டு. நோயாளியின் வாயைப் பொத்துவது வைத்தியமாகுமா?

விளக்கு எரிவதாலேயே சென்சாரைக் குற்றவாளியாக்குவதும் தவறு. குழாயில் ஓட்டை இருக்கலாம், கம்பி அறுந்திருக்கலாம், சென்சாரைச் சூடேற்றும் சுற்றின் பியூஸ் போயிருக்கலாம். குறிப்பெண்ணை ஸ்கேனரால் படித்து, இவற்றைச் சோதித்த பின்னரே கழற்ற முற்படவேண்டும். தூதனைத் தண்டிக்குமுன் அவன் கொணர்ந்த செய்தியை ஆராய்வது முறையன்றோ?

ஏன் சிக்கிக்கொள்கிறது?

இரும்பு துருவாக மாறும்போது அதன் கன அளவு இரு மடங்குக்கு மேலாகிறது. மரைகளுக்கிடையே உள்ள நுண்ணிய இடைவெளியில் இத்துரு வளர்ந்து ஆப்புப்போல் இறுகுகிறது. மேலும், நாள்தோறும் சூடேறிக் குளிர்வதால் உலோகப் பரப்புகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்கின்றன. இந்நிலையில் முரட்டு பலத்தைக் காட்டினால், சென்சாரோடு குழாயின் மரையும் பிய்ந்துவரும். சிறு துண்டை மாற்றப் போய்க் குழாயையே மாற்றும் நிலை வரும்.

கழற்றும் முறை

முதலாவது, பாதுகாப்பு. சமதரையில் காரை நிறுத்திக் கைப்பிரேக்கைப் போடுக. காருக்கு அடியில் செல்வதானால் ஜாக்கியை மட்டும் நம்பலாகாது; உறுதியான தாங்கிகள் வேண்டும். எஞ்சினை நிறுத்திச் சாவியை எடுத்தபின் சென்சாரின் மின்னிணைப்பைக் கழற்றுக.

இரண்டாவது, எண்ணெய். குழாய் குளிர்ந்திருக்கும்போது, துருவில் ஊடுருவும் எண்ணெயை மரையோரத்தில் இட்டு ஓர் இரவு ஊறவிடுக. மறுநாள் வழிந்த எண்ணெயைத் துடைத்துவிட்டு, எஞ்சினைச் சில நிமிடங்கள் ஓட்டி நிறுத்துக. இளஞ்சூட்டில் பிடி சற்றே தளரும். கனத்த கையுறை இன்றித் தொடவேண்டாம்.

மூன்றாவது, கருவி. பெரும்பாலான சென்சார்களின் அறுகோணத் தலை 22 மி.மீ. அளவுடையது. கம்பி நுழையப் பக்கவாட்டில் பிளவுள்ள சாக்கெட் இதற்கென்றே கிடைக்கிறது. பழைய சென்சார் எப்படியும் எறியப்படுவதாயின், கம்பியை வெட்டிவிட்டு ரிங் ஸ்பேனரை முழுதாக மாட்டலாம். வாய் திறந்த ஸ்பேனர் இரு பக்கங்களை மட்டுமே பற்றுவதால் முனைகளை மழுக்கிவிடும்.

நான்காவது, நெம்புகோல். 50 நியூட்டன் மீட்டர் திருக்கத்திற்கு, கால் மீட்டர் நீளப் பிடியில் சுமார் 20 கிலோ எடைக்குச் சமமான விசை வேண்டும். அரை மீட்டர்ப் பிடியில் 10 கிலோ போதும். எனவே பிடியை நீளமாக்கி, ஒரே சீராக அழுத்துக. உதைக்கவோ குதிக்கவோ வேண்டாம். முதலில் இறுக்கும் திசையில் மயிரிழை அசைத்து, பின்பு இடஞ்சுழியாகத் திருப்புக. துருவின் பிணைப்பு அறுபட இது உதவும். கால் சுற்று வந்து மீண்டும் இறுகினால், பின்னோக்கித் திருப்பி எண்ணெய் இட்டு, முன்னும் பின்னுமாக நகர்த்துக. அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது இங்கே பொருந்தும். ஆனால் சுத்தியல் அடி அன்று, பொறுமையின் அடி.

இதற்கும் மசியாவிடில், தீ. சென்சாரைச் சூடாக்காமல், அது திருகப்பட்டுள்ள வளையத்தை மட்டும் விரைந்து சூடாக்கவேண்டும். வளையம் சென்சாரைவிட 200 டிகிரி மிகுதியாகச் சூடேறினால், 18 மி.மீ. விட்டத்தில் ஏறத்தாழ 0.04 மி.மீ. கூடுதலாக விரியும். ஒரு தலைமயிரின் பருமனுக்குக் குறைவே. ஆயினும் மரைக்கு அதுவே விடுதலை. அருகில் பெட்ரோல் குழாயும் எண்ணெய்ப் பசையும் இருப்பதால், இப்பணியைத் தேர்ந்த பட்டறைக்காரரிடம் விட்டுவிடுக. விடுதி முற்றத்தில் செய்யத்தக்க காரியம் அன்று.

மாட்டும் முறை

18 மி.மீ. விட்டமும் 1.5 மி.மீ. இடைவெளியும் உள்ள மரையே மிகுதியும் வழக்கிலுள்ளது. அதற்குரிய மரை துலக்கியால் துருவை நீக்குக. புதிய சென்சாரின் மரையில் இறுகாமல் காக்கும் பசை பெரும்பாலும் பூசப்பட்டே வரும். இல்லையேல் சிறிதளவு பூசுக. நுனியில் அது படக்கூடாது. சிலிக்கோன் பசையின் ஆவியும் சென்சாரைக் கெடுக்கும். முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுக. மரை கோணலாக ஏறினால் கை உடனே உணரும். பின்னர், கார்க் கையேடு கூறும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குக. பல கார்களில் அது 40 முதல் 50 நியூட்டன் மீட்டர் வரை இருக்கும். மின்னிணைப்பில் கிரீஸ் பூசாதீர்கள். பல சென்சார்களில் ஒப்பீட்டுக் காற்று கம்பியின் இழைகள் வழியாகவே உள்ளே செல்கிறது. கம்பி முறுக்கேறாமலும் சூடான குழாயில் படாமலும் இருக்கட்டும். இறுதியில் ஸ்கேனரால் பழைய குறிப்பெண்ணை அழித்து, காரை ஓட்டிப் பார்க்கவேண்டும்.

நண்பர்களே, நெர்ன்ஸ்ட் சமன்பாட்டைத் தேர்வுத்தாளில் எழுதும் நம்மில் பலர் ஸ்பேனர் பிடித்ததில்லை. நாள் முழுதும் ஸ்பேனர் பிடிக்கும் பட்டறை இளைஞனுக்கு அச்சமன்பாட்டை எவரும் சொல்லித் தந்ததில்லை. அவனிடம் கைப்பழக்கத்தைக் கற்போம். நாம் அறிந்த காரணங்களை அவனுக்குச் சொல்வோம். விளக்கை அணைப்பது ஏன் தவறு என்பதை அறிந்த ஒரு கை, இந்நகரின் காற்றுக்கு ஒரு காவலாகும். பதறாத காரியம் சிதறாது என்றனர் நம் முன்னோர். துருவேறிய மரைக்கும் அதுவே விதி.