சுவைத்தூள் பக்கற்றுக்குள் என்ன இருக்கிறது?



வட்டவளையில் மழை விட்ட நாளை எண்ணிவிடலாம். விறகும் ஈரம், அடுப்பும் ஈரம். சொந்தக் கொல்லையை விட்டு வந்த குடும்பத்துக்கோ இன்னும் பல கஷ்டங்கள். முன்பு கைநீட்டிப் பறித்த கீரையையும் மிளகாயையும் இன்று காசு கொடுத்து வாங்க வேண்டும். அம்மியும் உரலும் பழைய வீட்டோடு போய்விட்டன. இந்நிலையில் ஐந்து நிமிடத்தில் வேகும் நூடில்ஸும், அதனுள் இருக்கும் சிறு தூள் பக்கற்றும், சூப் கட்டியும் பெரிய உதவியாகத் தெரிவதில் வியப்பில்லை. பிள்ளைகள் அழுது வாங்கும் மசாலா தூவிய பொரியல் பக்கற்றுகளும் இவற்றோடு சேர்ந்தவையே. ஆகவே 'வாங்காதீர்கள்' என்று சொல்லிவிட்டுப் போவது இப்பாடத்தின் நோக்கமல்ல. வாங்கியதை எப்படி வாசிப்பது, எவ்வளவு பயன்படுத்துவது என்று பார்ப்போம்.

உறையின் பின்பக்கம்

பக்கற்றின் முன்பக்கம் விளம்பரம். பொரித்த கோழிக்காலும் பச்சை மரக்கறியும் அங்கேதான் இருக்கும். பின்பக்கத்தில் சிறு எழுத்தில் சேர்மானங்கள் எழுதப்பட்டிருக்கும். எது நிறையில் கூடியதோ அது முதலில் வரும். குறைந்தது கடைசியில் வரும். இந்த ஒரு விதியை மனதில் வைத்தால் பாதிப் பாடம் முடிந்தது.

சுவைத்தூளில் பெரும்பாலும் முன்வரிசையில் நிற்பவை உப்பு, சீனி, மாப்பொருள் ஆகியவை. சிலவற்றில் மாப்பொருளுக்குப் பதிலாக மோல்டோடெக்ஸ்ட்ரின் என்று இருக்கும். அதுவும் மாவிலிருந்து எடுப்பதுதான். வெங்காயத்தூள், பூண்டுத்தூள், மல்லி, மிளகாய் பின்னால் வரும். 'கோழிச் சுவை' என்றால் உள்ளே கோழி இறைச்சி உண்டு என்று பொருளல்ல. சுவை என்றுதானே எழுதியிருக்கிறார்கள்!

பிறகு இலக்கங்கள். 330 என்பது சிற்றிக் அமிலம், தேசிக்காய்ப் புளிப்பு. 551 தூள் கட்டிபடாமல் காப்பது. நமது ஈரக் காற்றுக்கு அது தேவைதான். 102, 110 ஆகியவை மஞ்சள், செம்மஞ்சள் சாயங்கள். இச்சாயங்கள் கலந்த உணவு பிள்ளைகளின் கவனத்தையும் நடத்தையையும் பாதிக்கக்கூடும் என்ற எச்சரிக்கையை உறையில் அச்சிட வேண்டும் என 2010 முதல் ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் சட்டம் உண்டு. 621 என்பது நாம் அஜினோமோட்டோ என்று சொல்லும் மொனோசோடியம் குளூட்டமேற். 627, 631 ஆகியவை அதன் சுவையைப் பெருக்கும் கூட்டாளிகள்.

மாசியும் இலக்கமும்

இந்தக் கூட்டாளிகள் நமக்குப் புதியவர்கள் அல்லர். 1908இல் டோக்கியோவில் கிகுனே இகெடா என்ற இரசாயனப் பேராசிரியர் கடற்பாசிச் சாற்றின் சுவைக்குக் காரணம் குளூட்டமேற் என்று கண்டார். 1913இல் அவருடைய மாணவர் கொடாமா, காய்ந்த சூரை மீனில் இருந்து மற்றொன்றைப் பிரித்தார். இன்று 631 என்று எழுதுவது அந்த வகைதான். சம்பலில் இடித்துப் போடும் மாசி என்ன மீன்? அதே சூரை! நமது பாட்டிமார் இலக்கம் தெரியாமலே அதைப் பயன்படுத்தினார்கள்.

ஆனால் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. நாக்கு இந்தச் சுவையை உணரும்போது, 'இறைச்சி, மீன் போன்ற புரத உணவு வருகிறது' என்று அறிகிறது. மாசியில் அந்தப் புரதமும் கூடவே வருகிறது. தூளில் சுவை மட்டும் வருகிறது. தன் நாட்டில் சத்துள்ள ஆனால் சப்பென்ற எளிய உணவை மக்கள் விரும்பி உண்ண வேண்டும் என்பதே இகெடாவின் ஆசை. இன்று அதைப் பொரித்த மாவின்மேல் தூவி விற்கிறார்கள்.

இது நமக்கு விளையாட்டுக் காரியமல்ல. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை சுகாதார ஆய்வின்படி, தோட்டப் பகுதிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 100க்கு ஏறத்தாழ 32 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்கும் அது 17. சுவை கிடைத்ததால் வயிறு நிறைந்தது என்று எண்ணும் பிள்ளைக்கு வளர வேண்டிய சத்து கிடைக்கவில்லை.

அஞ்ச வேண்டியது எதற்கு?

அஜினோமோட்டோ நஞ்சு என்று பலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அளவோடு உண்டால் அது நஞ்சு என்பதற்கு ஆதாரம் இல்லை. வெறும் வயிற்றில் மிக அதிகமாக உண்ட சிலருக்குத் தலைவலி போன்ற தொல்லை வருவதுண்டு. 2015 ஜூனில் இந்தியாவின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் மெகி நூடில்ஸை விற்பனையிலிருந்து அகற்ற உத்தரவிட்டது. ஈயம் கூடுதலாக உள்ளது என்பதும், 'குளூட்டமேற் சேர்க்கப்படவில்லை' என்று உறையில் எழுதியது தவறு என்பதும் குற்றச்சாட்டு. ஆகஸ்டில் பம்பாய் உயர் நீதிமன்றம் அவ்வுத்தரவை ரத்துச் செய்தது. நவம்பரில் நூடில்ஸ் மீண்டும் கடைக்கு வந்தது. அந்த அமளியில் உப்பு தப்பித்துக்கொண்டது என்பது என் எண்ணம்.

உப்பைக் கணக்குப் பார்ப்போம். உறையில் சோடியம் என்று மில்லிகிராமில் எழுதியிருப்பார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு வரும். 100 கிராமில் சோடியம் 1200 மில்லிகிராம் என்று வைத்துக்கொள்வோம். உப்பு 3000 மில்லிகிராம், அதாவது 3 கிராம். 75 கிராம் பக்கற்றை ஒருவரே உண்டால் 2.25 கிராம். வளர்ந்தவருக்கே நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாகவே உப்புப் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிள்ளைக்கு இன்னும் குறைய. சோறு, கருவாடு, ஊறுகாய் எல்லாம் அதற்கு மேலே. 'பிரசர்' வியாதிக்கு வழி இதுதான்.

கணக்கு வராதவர்கள் நிறத்தைப் பார்க்கலாம். 2019 முதல் நம் நாட்டில் உப்பு, சீனி, கொழுப்புக்கு நிறக் குறி போடும் விதி உண்டு. 100 கிராமில் உப்பு 1.25 கிராமுக்கு மேற்பட்டால் சிவப்பு.

வீட்டில் செய்யக்கூடியது

தூளில் பாதியைப் போடுங்கள். மீதியை மடித்து வையுங்கள். நூடில்ஸ் வேகும்போது ஒரு பிடி மைசூர்ப் பருப்பை முன்னதாக அவித்துச் சேருங்கள். முட்டை, வல்லாரை, முருங்கையிலை எது கிடைத்தாலும் நல்லது. இத்தூளைப் போட்ட பின் வேறு உப்பு வேண்டாம். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையின் உணவில் தூளோ சூப் கட்டியோ அறவே கூடாது.

சொந்தத் தூளும் செய்யலாம். 100 கிராம் நெத்தலிக் கருவாட்டைத் தலை நீக்கி, வெந்நீரில் இரண்டு முறை கழுவி உப்பைப் போக்குங்கள். நன்றாக ஈரம் வற்றவிட்டு, தாச்சியில் எண்ணெயின்றி மொறுமொறுக்க வறுங்கள். ஒரு கைப்பிடி கறிவேப்பிலை, நான்கு செத்தல் மிளகாய், சிறிது மிளகு, ஒரு மேசைக்கரண்டி பருப்பு ஆகியவற்றைத் தனித்தனியே வறுத்துச் சேர்த்து இடியுங்கள். உரல் இல்லாதவர்கள் தடித்த துணியில் கட்டிப் போத்தலால் நசுக்கலாம். உப்புச் சேர்க்க வேண்டாம். முள்ளோடு இடிப்பதால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். இறுக மூடிய தகரத்தில் வையுங்கள். நமது குளிரில் ஒரு வாரத்துக்குச் செய்வதே போதும். அவித்த கடலையின்மேல் தூவிக் கொடுத்தால் பிள்ளைகள் பக்கற்றை மறப்பார்கள் என்று உறுதி கூறமாட்டேன். ஆனால் சட்டி காலியாகும்.

அடுத்த குழுக் கூட்டத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் அந்த வாரத்து வெற்று உறைகளைக் கழுவிக் கொண்டுவாருங்கள். முதல் மூன்று சேர்மானங்களைப் பிள்ளைகள் உரக்க வாசிக்கட்டும். சோடியத்தை நாம் பெருக்கிப் பார்ப்போம். விபரமோ திகதியோ இல்லாத உறை அகப்பட்டால் தனியே எடுத்து வையுங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கொடுக்கலாம். எழுத்து மிகச் சிறியது, கண்ணாடி போடுபவர்கள் மறவாமல் கொண்டுவரவும்.