கடகடவென்று படித்தால் போதுமா?

நம்பிக்கை: வேகமாகப் படிக்கிற பிள்ளைதான் நன்றாகப் படிக்கிற பிள்ளை.

2021 ஜூலையில் மத்திய அரசு தொடங்கிய நிபுண் பாரத் திட்டம், மூன்றாம் வகுப்பு முடிக்கும் குழந்தை நிமிடத்துக்குக் குறைந்தது 60 சொற்களைப் பொருள் புரிந்து படிக்க வேண்டும் என்கிறது. 60 மட்டும் எல்லோர் மனத்திலும் தங்கிவிட்டது. ‘பொருள் புரிந்து’ எங்கேயோ உதிர்ந்துவிட்டது. புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சிபிஎஸ்இக்கு மாறியபின், அங்கே உப்பளம் பகுதி டீச்சருக்கும் இந்த எண் தெரியும்.

எந்த மொழியில் 60? ‘வந்துகொண்டிருந்தவர்களுக்கும்’ என்பது தமிழில் ஒரே சொல். ஆங்கிலத்தில் அதற்கு ஐந்தாறு சொற்கள் வேண்டும். என்சிஇஆர்டியே 2022இல் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளிடம் 20 மொழிகளில் ஆய்வு நடத்தியபோது மொழிக்கு மொழி தனி அளவுகோல்தான் வைத்தது. ஸ்டாப்வாட்ச் பெரும்பாலும் மேசை டிராயரிலேயே கிடக்கட்டும் என்பது என் கட்சி. தவறில்லாமல் படிப்பது, நிற்க வேண்டிய இடத்தில் நிற்பது, கேள்வியைக் கேள்வியாகவே ஒலிப்பது, இதெல்லாம் சேர்ந்ததுதான் சரளம். முற்றுப்புள்ளியைக்கூடக் கவனிக்காமல் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடிய பிள்ளையிடம், ‘படகு ஏன் திரும்பி வந்தது?’ என்று கேட்டுப் பாருங்கள். பாதி நேரம் பதில் வராது.

நம்பிக்கை: 247 எழுத்தும் தெரிந்துவிட்டால் படிப்பு தானாக வரும்.

பாதிதான் உண்மை. ‘பட்டம்’, ‘படகு’ இரண்டிலும் ட இருக்கிறது, ஒலி ஒன்றல்ல. கேட்டுப் பழகிய சொல் என்றால் குழந்தையின் காதே அதைச் சரிசெய்துவிடும். வீட்டில் ‘போய்ட்டாரு’ கேட்டு வளர்ந்த பிள்ளைக்குப் புத்தகத்தில் ‘போய்விட்டார்’ வரும்போதுதான் நாக்கு தடுக்குகிறது. அதனால் புத்தகத் தமிழ் முதலில் காதில் விழ வேண்டும். டீச்சர் படித்துக்காட்ட, பிள்ளைகள் வரியின்கீழ் விரலை நகர்த்திக்கொண்டே வரட்டும். அவசரமும் வேண்டாம்: ஆய்வாளர் சோனாலி நாக் கன்னடக் குழந்தைகளிடம் செய்த ஆய்வில், எழுத்துகள் முழுதும் கைவர நான்காம் வகுப்புவரைகூட ஆகிறது என்று தெரிந்தது.

நம்பிக்கை: வரிசையாக ஆளுக்கொரு பத்தி படித்தால் எல்லோருக்கும் பயிற்சி.

கணக்குப் போடுவோம். 40 நிமிடப் பீரியட், 30 பிள்ளைகள். ஒவ்வொருவரும் படிப்பது ஒன்றேகால் நிமிடம் சொச்சம். மீதி நேரத்தில் என்ன நடக்கிறது என்பது கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த எவருக்கும் தெரியும். தலைகளை எண்ணி, தனக்கு எந்தப் பத்தி வரும் என்று கண்டுபிடித்து, அதை மட்டும் வாய்க்குள் எழுத்துக்கூட்டிக்கொண்டிருப்பார்கள். திக்கித் திக்கிப் படிக்கிற பிள்ளைக்கோ முப்பது பேர் முன்னால் அவமானம்.

இரண்டிரண்டு பேராக உட்கார வைத்தால் அதே பீரியடில் ஒவ்வொருவருக்கும் பத்து நிமிடமாவது கிடைக்கும். டீச்சர் ஒருமுறை படிப்பார், வகுப்பு அவரோடு சேர்ந்து ஒருமுறை படிக்கும், பிறகு ஜோடிகள். சரளமாகப் படிப்பவர் முதலில், தடுமாறுபவர் அடுத்து, அதே பத்தியை. டீச்சர் பெஞ்சு பெஞ்சாக நின்று கேட்டுக்கொண்டு போகலாம். சந்தைக்கடைச் சத்தம் எழும். தலைமையாசிரியர் எட்டிப் பார்ப்பார். பார்க்கட்டும்.

நம்பிக்கை: படித்ததையே படித்தால் அது மனப்பாடம்தான்.

1979இல் அமெரிக்க ஆய்வாளர் ஜே சாமுவேல்ஸ், சிறு பத்தி ஒன்றைச் சரளம் வரும்வரை திரும்பத் திரும்பப் படிக்க வைக்கும் முறையை எழுதினார். அப்படிப் பழகிய குழந்தைகள் அடுத்த புதுப் பத்தியைத் தொடங்கும்போதே முன்னைவிட நன்றாகப் படித்தார்கள். 2000இல் அந்நாட்டின் தேசிய வாசிப்புக் குழுவும், பெரியவர் உடனிருந்து திருத்த, வாய்விட்டு மறுபடி மறுபடி படிப்பது பலன் தருகிறது என்றது.

பிள்ளை ஒப்பிக்கிறதோ என்று சந்தேகம் வந்தால் அதே சொற்களைக் கலைத்துப்போட்டுக் கரும்பலகையில் எழுதிப் படிக்கச் சொல்லுங்கள், குட்டு வெளிப்பட்டுவிடும். பாடப்புத்தகம் தீர்ந்துபோனால், புதுச்சேரியில் 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம் உப்பளத்துக்குத் தூரமில்லை. கதையை எடுக்கும்போது ஒரு பக்கத்தைப் படிக்கவிட்டுப் பாருங்கள். இருபது சொல்லுக்கு ஒன்றுக்குமேல் தடுக்கினால் அந்தப் புத்தகம் இப்போதைக்கு வேண்டாம், இன்னும் எளிதானதை எடுங்கள்.