உணர்ச்சியில்லாத தேமலும் ஸ்டெம் செல்லும்

உடம்பில் வெளிறிய அல்லது சிவந்த தேமல் இருக்கா? தொட்டால் உணர்ச்சி தெரியலையா? அது தொழுநோயின் தொடக்கமாக இருக்கலாம்.

தொழுநோய்க் கிருமி, நரம்புக்கு உறைபோல உள்ள ஷ்வான் செல்களுக்குள் குடியேறும். எலிகளின் ஷ்வான் செல்களை அது ஸ்டெம் செல்கள் போல, அதாவது பல வகைச் செல்களாக மாறக்கூடிய குருத்தணுக்கள் போல மாற்றிவிடுவதை 2013-ல் எடின்பரோ பல்கலைக்கழக ஆய்வு காட்டியது. அப்படி மாறிய செல்கள் தசைக்கும் கிருமியைக் கொண்டுபோயின.

செங்கல்பட்டு திருமணியில் 1955 முதல் மத்திய அரசின் தொழுநோய் ஆராய்ச்சி நிறுவனம் இயங்குகிறது. மாமல்லபுரம் கரையோர மக்கள் முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கே போகலாம். கூட்டு மருந்து சிகிச்சை இலவசம். விடாமல் சாப்பிட்டால் குணமாகும்.

வலிக்கலையேன்னு விட்டுடாதீங்க. நரம்பு பாதிக்கும் முன்பே மருந்தைத் தொடங்கினால் ஊனத்தைத் தவிர்க்கலாம். சந்தேகமா? 104-ஐ அழையுங்கள்.